படத்தில் இருக்கிறார், பெயர் இல்லை



போன வாரம் டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. 1979, ஒகேனக்கல் சுற்றுலா. கிளிக் த்ரீ கேமராவில் நானே எடுத்தது. பரிசலில் ஆறு மாணவர்கள், ஓரத்தில் குந்தித் துடுப்புப் போடும் ஒரு பெரியவர். படத்தின் பின்புறம் ஆறு பேரின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். பெரியவர் பெயரை எழுதவில்லை. அந்தப் பரிசலில் வேலை செய்தவர் அவர் ஒருவர்தான்.

சரித்திரம் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? நம் பக்கம் கேமரா வந்த கதையைத் தேடிப் படித்தேன்.

1858இல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர் மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரர். அவர் வெளியிட்ட தொகுப்புகளில் ஒன்றின் பெயரிலேயே நம் ராயக்கோட்டை இருக்கிறது. அன்று நாமெல்லாம் சேலம் ஜில்லா. (1965இல் தருமபுரி பிரிந்தது, 2004இல் கிருஷ்ணகிரி.) ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று கோபுரம் கோபுரமாக எடுத்தார். மதுரையில் வைகையையும் எடுத்தார். ஆனால் அவர் படங்களில் ஆட்களைக் காண்பது அரிது.

காரணம் எளியது. மெழுகு ஏற்றிய காகிதம்தான் அவருடைய நெகட்டிவ். அதில் உருவம் பதிய நிமிடக்கணக்கில் வெளிச்சம் விழ வேண்டும். பாறையும் கோபுரமும் அதுவரை நிற்கும். ஓடுகிற தண்ணீர் வெறும் வெள்ளைப் புகையாகிவிடும். துடுப்புப் போடுகிறவன் அந்தப் புகையில் கரைந்தே போவான். யார் ஓயாமல் வேலை செய்தாரோ அவரே படத்தில் விழவில்லை! 1859இல் கவர்னர் டிரெவெல்யன், இது வீண் செலவு என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார்.

அடுத்து, 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்று எட்டுப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் வந்தன. அதில் ஆட்கள் உண்டு. ஆனால் படத்துக்குக் கீழே பெரும்பாலும் சாதிப் பெயர்தான். ஆளின் பெயரைத் தேட வேண்டும்.

உலர் தட்டு வந்த பிறகு தண்ணீரில் வேலை செய்பவர்களைப் படம் எடுப்பது எளிதாயிற்று. இங்கிலாந்தில் எமர்சன் என்ற டாக்டர், நார்ஃபோக் பக்கத்து நீர்நிலைகளில் நாணல் அறுப்பவர்களையும் படகுக்காரர்களையும் எடுத்து 1886இல் புத்தகமாக்கினார். அழகான படங்கள். ஆனால் பார்க்கும்போது, எடுப்பவருக்காக வேலையை நிறுத்திவிட்டு நின்றவர்கள் போலத்தான் எனக்குத் தோன்றும்.

நம் நாட்டில் அந்தக் குறையைத் தீர்த்தவர்களில் சுனில் ஜானா முக்கியமானவர். 1943 வங்கப் பஞ்சத்தை எடுத்தவர். மீனவர்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் அவர்கள் வேலைக்கு நடுவிலேயே எடுத்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூரில் டி.எஸ்.சத்யன், சாதாரண ஜனங்களையே ஆயுள் முழுக்க எடுத்தவர். இன்று நம் பழனிகுமார், மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களைப் படம் பிடித்து, அவர்கள் கதையையும் கூடவே சொல்கிறார். எனக்கு இவர்தான் ஒரு படி மேல்.

என் படத்துக்கே வருகிறேன். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூங்கில் பிளாச்சில் முடைந்த வட்டக் கூடை. முன்பெல்லாம் தோல் போர்த்துவார்கள், பிறகு தார் பூசினார்கள். துடுப்பை ஒரே பக்கம் இழுத்தால் பம்பரமாகச் சுற்றும். அதை நேராகக் கொண்டுபோவதுதான் வித்தை. படத்தில் பெரியவரின் நனைந்த தோளும் தார்க் கறுப்பும் வெள்ளை நுரையும் அவ்வளவு துல்லியமாக விழுந்திருக்கின்றன. கலர் பிலிமில் இப்படி வந்திருக்காது.

இப்போது கெலவரப்பள்ளியில் பெங்களூருக் கழிவு நுரை பொங்கும்போதெல்லாம் கலர் படங்கள் வருகின்றன. நுரை நன்றாகத் தெரிகிறது. அந்தத் தண்ணீரை நம்பிப் பயிர் வைத்தவர் மட்டும் படத்தில் அபூர்வம். டிரைப் காலத்துக்கே திரும்பிவிட்டோமோ என்று நினைக்கிறேன்.

அந்த ஆறு பேரில் நான்கு பேர் பின்னாளில் சிப்காட் கம்பெனிகளில் சேர்ந்தார்கள். கழுத்து அட்டையில் படமும் பெயரும் சேர்ந்தே தொங்கியது.

படத்தை இத்துடன் போட்டிருக்கிறேன். பென்னாகரம் பக்கத்து உறவுகள், ஊட்டமலையில் சொந்தம் உள்ளவர்கள், பெரிய மீசையும் இடது கையில் செப்புக் காப்பும் உள்ள இவரை அடையாளம் தெரிந்தால் எழுதுங்கள். பின்புறத்தில் ஏழாவது பெயருக்கு இடம் இருக்கிறது.