பதினொரு மீட்டர் தொலைவு

ஸ்பானியக் கால்பந்து லீக்கின் 1993-94 பருவத்துப் புள்ளிப்பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால் முதலிரு வரிகளில் நம் கண் நின்றுவிடுகிறது. பார்சிலோனா 56 புள்ளிகள். தெப்போர்த்திவோ லா கொருண்யா 56 புள்ளிகள். பட்டம் பார்சிலோனாவுக்கு. பட்டியல் அத்துடன் வாய்மூடிக்கொள்கிறது. அது சொல்லாமல் விட்டதைத்தான் ஒரு நகரம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நினைவில் சுமந்துவருகிறது.

கொருண்யா, ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள கலீசியாவின் துறைமுகம். மழையும் மீன்பிடிப்பும், பிழைப்புத் தேடி அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலேறியவர்களின் நினைவும் நிறைந்த நிலம் அது. ரோமானியர் எழுப்பிய கலங்கரை விளக்கம் அங்கே இன்றும் நிற்கிறது. ரியாசோர் அரங்கமோ கடற்கரையை ஒட்டியே அமைந்தது. அந்நகரின் அணி நெடுங்காலம் கீழ்ப்பிரிவுகளில் உழன்று, 1991இல்தான் முதற்பிரிவுக்கு மீண்டது. அடுத்த ஆண்டே பிரேசிலிலிருந்து பெபெத்தோவும் மௌரோ சில்வாவும் வந்து சேர்ந்தனர். பயிற்றுநர் அர்செனியோ இக்லேசியாஸ் அருகிலிருந்த ஆர்தெய்ஷோ ஊர்க்காரர்; வெற்றியின்போதும் அடக்கிப் பேசும் முதியவர்.

எதிரில் நின்றது யோஹன் கிரைஃபின் பார்சிலோனா. தொடர்ந்து மூன்று முறை பட்டம் வென்றிருந்த அணி. அப்பருவத்தில் ரொமாரியோ மட்டும் 30 கோல்கள் அடித்தார்; அணி அடித்தவை 91. தெப்போர்த்திவோவின் வழி வேறு. 38 ஆட்டங்களில் அது வாங்கிய கோல்கள் வெறும் 18. ஒன்று கொடுத்துப் பெருகிய அணி. மற்றது காத்துச் சேர்த்த அணி.

1994 மே 14. கடைசி ஆட்டம். தெப்போர்த்திவோ ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. ரியாசோரில் வாலென்சியாவை வென்றால் நகரத்தின் முதல் லீக் பட்டம். பார்சிலோனாவோ தன் அரங்கில் சேவியாவிடம் பின்தங்கி, பின்னர் மீண்டெழுந்து 5-2 என வென்றது. கொருண்யாவில் கோல் விழவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் நாந்தோ வீழ்த்தப்பட, நடுவர் பெனால்டி அளித்தார்.

வழக்கமாகப் பெனால்டி அடிக்கும் தொனாத்தோ முன்னதாகவே மாற்றப்பட்டு வெளியே இருந்தார். முன்பு தவறவிட்டிருந்த பெபெத்தோ முன்வரவில்லை. செர்பியரான தடுப்பாட்டக்காரர் மிரொஸ்லாவ் ஜுகிச் பந்தருகே சென்றார். மூச்சை இழுத்துவிட்டு ஓடிவந்து உதைத்தார். வலுவற்ற உதை. கோல்காப்பாளர் கோன்சாலெஸ் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டார். ஆட்டம் 0-0.

புள்ளிகள் சமமானதால் இரு அணிகளும் தமக்குள் ஆடிய ஆட்டங்கள் கணக்கில் கொள்ளப்பட்டன. கொருண்யாவில் தெப்போர்த்திவோ 1-0 என வென்றிருந்தது. பார்சிலோனாவில் 3-0 எனத் தோற்றிருந்தது. பட்டம் கைமாறியது. அன்று வெற்றிக்கு இரண்டு புள்ளிகளே. பின்னர் 1995-96 பருவத்தில் வந்த மூன்று புள்ளி முறையில் கூட்டிப் பார்த்தால், 25 வெற்றி பெற்ற பார்சிலோனாவுக்கு 81, 22 வெற்றி பெற்ற தெப்போர்த்திவோவுக்கு 78. அந்தக் கணக்கில் கடைசி நாளுக்கு முன்பே பார்சிலோனாதான் முன்னிலையில் இருந்திருக்கும். ஆனால் ஜுகிச்சிடம் இந்தக் கணக்கைச் சொல்லி யார் ஆறுதல் கூற முடியும்? ஒரு பருவத்தின் 12 சமநிலைகளும் 4 தோல்விகளும் ஒரு மனிதனின் ஒற்றை உதையில் வந்து குவிந்துவிட்டன. கூட்டாகச் செய்த பிழைக்குத் தனியொருவன் முகம் கொடுப்பது விளையாட்டுக்கு மட்டும் உரிய விதியன்று. ஆகவேதான் அந்தக் காட்சி நம்மை விடுவதில்லை.

காலம் தன் வழியில் கணக்கைத் தீர்த்தது. 1995இல் ஸ்பானியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் தெப்போர்த்திவோ அதே வாலென்சியாவை வென்றது. மழையால் நின்ற ஆட்டத்தின் எஞ்சிய நிமிடங்கள் மூன்று நாள் கழித்து ஆடப்பட்டபோது வெற்றிக் கோல் விழுந்தது. 2000 மே 19 அன்று எஸ்பான்யோலை 2-0 என வீழ்த்தி லீக் பட்டமும் வந்தது. முதல் கோலைத் தலையால் அடித்தவர் தொனாத்தோ. அப்போது அவருக்கு வயது 37. அன்று களத்துக்கு வெளியே இருந்தவர் ஆறாண்டு கழித்துத் தன் கடனைச் செலுத்தினார்.

ஜுகிச் அந்த விழாவில் இல்லை. அவர் வாலென்சியாவுக்குச் சென்றுவிட்டிருந்தார். தன் பந்தைத் தடுத்த அந்த அணியின் சட்டையிலேயே 2001-02இல் லீக் பட்டம் பெற்றார். ஆயினும் அவர் பெயரைக் கேட்டதும் நாம் நினைப்பது அந்தப் பட்டத்தை அல்ல. மே மாத இரவொன்றில் பந்தின் முன்னே நின்று அவர் இழுத்துவிட்ட மூச்சைத்தான்.