ஊரும் ஊழியரும்

கோவை காந்திபுரத்தில் நின்று பார்ப்போர்க்கு, மருத்துவத்துக்குப் பஞ்சம் உண்டு என்பதே நினைவில் எழாது. சுற்றிலும் மருத்துவமனைகள், செவிலியர் பயிற்சி முடித்து வேலை தேடும் இளம்பெண்களும் நகரில் பலர். அதே காந்திபுரத்தில் புறப்படும் மைசூர்ப் பேருந்து, சத்தியமங்கலம் கடந்து திம்பம் மலைப்பாதையில் ஏறியதும் காட்சி மாறிவிடுகிறது. அங்குள்ள சிற்றூர்களில் பேறுகாலம் சிக்கலானால் சமவெளியை நோக்கி இறங்கித்தான் வரவேண்டும். ஊழியர் ஓரிடத்தில், தேவை வேறிடத்தில்! இவ்விரண்டையும் இணைக்கும் பணியை இன்று கணினியிடம் ஒப்படைத்துள்ளோம். ஆனால் கேள்வி நூறாண்டுப் பழமையுடையது.

1915-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் மேரி குளோரி என்ற இளம் மருத்துவர் ஒரு சிறு வெளியீட்டைப் படிக்க நேர்ந்தது. ஆக்னஸ் மக்லாரன் என்ற பெண் மருத்துவரைப் பற்றிய வெளியீடு அது. ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாமல் இந்தியப் பெண்கள் மடிவதை அது எடுத்துரைத்தது. வளமான தொழிலை விட்டு, 1920-இல் அவர் குண்டூர் வந்து துறவற சபையில் சேர்ந்தார். துறவியர் மருத்துவத் தொழில் செய்யத் திருச்சபைச் சட்டம் இடந்தராத காலம் அது. திருத்தந்தையின் தனி அனுமதியுடன் அவர் பணியாற்றினார். உள்ளூர்ப் பெண்களுக்கு மருந்தாளர், மருத்துவச்சி, செவிலியர் பயிற்சி அளித்தார். 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தையும் நிறுவினார். ஓர் ஊரின் தேவையை எங்கோ இருந்த ஒருவரிடம் கொண்டு சேர்த்தது சில தாள்கள் கொண்ட அச்சுப் பிரதியே!

குண்டூர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. அம்மாகாணத்தை ஆண்ட நீதிக்கட்சி அரசு, 1924-இல் வேறொரு வழியைக் கையாண்டது. கிராமத்தில் குடியேறும் மருத்துவருக்கு ஆண்டு மானியம். அதற்கு ஈடாக ஏழைகளுக்கு அவர் இலவசமாக மருத்துவம் பார்க்க வேண்டும். வசதியுள்ளோரிடம் கட்டணம் பெறலாம். அழைப்பு உள்ளத்தைத் தொட முயன்றது என்றால், மானியம் வயிற்றுப்பாட்டைக் கருதியது. இரண்டும் வேண்டியவையே.

விடுதலைக்கு முந்தைய ஆண்டில், 1946-இல், போர் குழுவின் அறிக்கை வந்தது. நாட்டில் பதிவு பெற்ற ஏறத்தாழ 47,500 மருத்துவருள் ஏறத்தாழ 30,000 பேர், எல்.எம்.பி. போன்ற குறுகிய காலப் படிப்பு முடித்தவர்கள். தரம் உயரவேண்டும் என்ற நன்னோக்குடன், இனி ஒரே வகைப் பட்டப்படிப்பு போதும் என்று குழு பரிந்துரைத்தது. உறுப்பினர் சிலர் மறுப்புத் தெரிவித்தும் அதுவே நிலைத்தது. தரம் உயர்ந்தது, ஆனால் பட்டம் பெற்றோர் நகரங்களிலேயே தங்கினர்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி கண்ட வழி வேறு. அங்கு மாணவர் பலரைத் திருச்சபைகளே முன்மொழிந்து அனுப்பும்; படிப்பு முடித்தவர் அத்திருச்சபை காட்டும் மருத்துவமனையில் ஈராண்டு பணியாற்றுவது உடன்பாடு. 1963-இல் தொடங்கிய பெங்களூர் தூய யோவான் மருத்துவக் கல்லூரியும் ஊரகப் பணிக்கான உடன்பாட்டைக் கைக்கொண்டது. படிக்கச் செல்லும்போதே தம்மை எதிர்பார்த்து ஓர் ஊர் இருக்கிறது என்று மாணவர் அறிந்திருந்தனர்.

2012-இல் தமிழக அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தை அமைத்தது. இணையவழி விண்ணப்பம், தரப்பட்டியல் என்று முறை சீரானது. பரிந்துரைக்கு அலைவது குறைய வழி பிறந்தது. ஆயினும் பட்டியலில் முந்தியவர் வீட்டுக்கு அருகிலுள்ள இடத்தை விரும்புவது இயல்பு. மலையூர் கடைசியில் எஞ்சுகிறது. கடினமான பகுதிகளில் பணிபுரியும் அரசு மருத்துவருக்குப் பட்டமேற்படிப்புச் சேர்க்கையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம், 30 விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் அளிக்கும் விதி வந்தது. பணியிலுள்ளோர்க்குத் தனி ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இவை மருத்துவரை மலைக்குக் கொண்டுவரும். ஆனால் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததும் அவர் புறப்பட்டு விடுவார். ஊர் மீண்டும் காத்திருக்கும்.

நிலைத்திருப்பவர் யார்? விடை நமக்கு அருகிலேயே, நீலகிரியின் கூடலூரில் இருக்கிறது. 1990-இல் தொடங்கப்பட்ட ஆதிவாசி மருத்துவமனை, பணியர், முள்ளுக்குறும்பர் முதலிய பழங்குடிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தது. நோயாளியின் மொழி அவர்கள் மொழி. நோயாளியின் ஊர் அவர்கள் ஊர். இடமாறுதல் கேட்க அவர்களுக்கு வேறு ஊர் ஏது?

காலியிடத்தையும் ஆளையும் கணினி நொடியில் இணைத்துவிடும். அது நன்றே. வந்தவரை ஊரின் உறவாக்குவதும், ஊரின் மகளைச் செவிலியாக்குவதும் மனிதர் செய்யவேண்டிய வேலை. காந்திபுரத்தைச் சூழ வாழும் நம் பங்குச் சமூகங்கள் ஒவ்வொன்றும், மலையூர்ப் பெண் ஒருத்தியின் படிப்புச் செலவை ஏற்று, படித்து முடித்தபின் அவள் தன் ஊரிலேயே பணியாற்றத் துணைநின்றால், குண்டூரில் அன்று விதைக்கப்பட்டது கொங்கு மண்ணிலும் விளையும் அன்றோ!