தாலுகா ஆபீஸ் குமாஸ்தா முதல் கப்பல் கம்பெனி வரை: முதல் வேலைக்குப் போகிறவர்களுக்கு வ.உ.சி. சொல்லும் பாடம்

பட்டம் வாங்கி முதல் வேலையில் சேர்ந்த ஆறு மாதத்தில் எல்லோர் மனதிலும் ஒரு கேள்வி எழும். "இதே வேலையில் இருந்தால் முன்னேற முடியுமா? இல்லை, வேறு இடம் பார்க்க வேண்டுமா?" இதற்குப் பதில் சொல்லும் சுயமுன்னேற்றப் புத்தகங்கள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. ஆனால் புத்தகங்களை விட நல்ல பதில் தூத்துக்குடியின் வரலாற்றிலேயே இருக்கிறது. அதுதான் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கை!

அவரைத் தியாகியாக, செக்கிழுத்த செம்மலாக எல்லோருக்கும் தெரியும். அவர் என்னென்ன வேலைகள் பார்த்தார், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போனார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தக் கோணத்தில் கொஞ்சம் பார்ப்போம்.

முதல் வேலை

வ.உ.சி. 1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வக்கீல். பள்ளிப் படிப்பு முடிந்ததும் வ.உ.சி.க்குக் கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா!

அந்தக் காலத்தில் சர்க்கார் குமாஸ்தா வேலை என்றால் சாதாரணம் இல்லை. மாதச் சம்பளம், ஊரில் மரியாதை, ஓய்வு பெறும் வரை கவலை இல்லை. பலர் அதோடு திருப்தி அடைந்திருப்பார்கள். வ.உ.சி. சில காலம் வேலை பார்த்துவிட்டு, தந்தையின் ஏற்பாட்டில் திருச்சிக்குச் சட்டம் படிக்கப் போனார். 1894-இல் தேர்வில் வென்றார். 1895-இல் ஒட்டப்பிடாரத்திலேயே வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் குமாஸ்தா வேலையை விட்டது கோபத்தில் அல்ல, அடுத்து எங்கே போகப் போகிறோம் என்று தெரிந்துகொண்டுதான். "இந்த வேலை பிடிக்கவில்லை" என்று விடுவதற்கும், "இதைக் கற்கப் போகிறேன்" என்று விடுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

வக்கீலாக ஏழைகளின் வழக்குகளைப் பணம் வாங்காமலே நடத்திக் கொடுத்தார். 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். துறைமுக வியாபாரிகள், மில் தொழிலாளிகள், கடலை நம்பி வாழ்பவர்கள் என்று பலதரப்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர் அது.

ஒரு பங்கு 25 ரூபாய்

அப்போது தூத்துக்குடி - கொழும்பு கடல் வழியில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஏகபோகமாக இருந்தது. அதற்குப் போட்டியாக 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள்.

கம்பெனியின் தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். எல்லாவற்றையும் ஓடியாடிச் செய்த வ.உ.சி.யின் பதவி என்ன? உதவிச் செயலாளர்! பதவியின் பெயர் சின்னது, செய்த வேலை பெரியது. விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்று கவலைப்படும் இன்றைய இளைஞர்கள் இதை யோசிக்க வேண்டும்.

முதலில் வாடகைக்குக் கப்பல் எடுத்தார்கள். எதிர்க் கம்பெனியின் நெருக்கடியால் கப்பல் தந்தவர்கள் பின்வாங்கினார்கள். வ.உ.சி. கொழும்புக்குப் போய் வேறு கப்பல் ஏற்பாடு செய்தார். சொந்தக் கப்பல் இல்லாமல் காலம் தள்ள முடியாது என்று புரிந்ததும் பம்பாய் வரை போய்ப் பங்குகள் விற்றுப் பணம் திரட்டினார். 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

இதில் அவருடைய பழைய வேலைகளின் சாயல் தெரிகிறது அல்லவா? அலுவலகக் காகிதங்களோடு பழகிய குமாஸ்தாவும், எதிர்த்தரப்பின் வாதத்துக்குப் பதில் சொல்லிப் பழகிய வக்கீலும் சேர்ந்துதான் இந்தக் கம்பெனிக்காரர் உருவானார். முதல் வேலையில் கற்றது வீண் போவதில்லை.

கயிறு பிடிக்க ஆள் வேண்டும்

சுதேசிக் கப்பலுக்குக் கூட்டம் வரவும் எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கடைசியில் அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. நஷ்டத்தைத் தாங்கும் சக்தி பெரிய கம்பெனிக்கு இருந்தது, சின்னக் கம்பெனிக்கு இல்லை.

1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி. முன்னின்றார், தொழிலாளர்கள் வென்றார்கள். சில நாட்களிலேயே, மார்ச் 12 அன்று அவர் கைது செய்யப்பட்டார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தாலும், 1912 டிசம்பரில்தான் வெளியே வந்தார். அதற்குள் 1911-இல் கம்பெனி மூடப்பட்டு, கப்பல்கள் விற்கப்பட்டிருந்தன.

இதே கடற்கரையில் முத்துக்குளித்தவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் மூழ்கும்போது மேலே தோணியில் ஒருவர் கயிறு பிடித்துக்கொண்டிருப்பார். கீழே எவ்வளவு திறமைசாலி இருந்தாலும் மேலே அந்த ஆள் இல்லாவிட்டால் முத்து கிடைக்காது, உயிரும் மிஞ்சாது. அரசின் அடக்குமுறையும் விலைப் போட்டியும் சுதேசிக் கம்பெனியை நசுக்கின என்பது உண்மை. ஆனால் அத்தனை பாரமும் ஒரே மனிதர் தோளில் இருந்ததும் உண்மை. "நான் இல்லாவிட்டால் ஆபீஸே நடக்காது" என்று பெருமைப்படுவது வளர்ச்சி ஆகாது. தனக்குத் தெரிந்ததைப் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் சொல்லிக் கொடுப்பவரே நிஜமாக வளர்கிறார்.

மறுபடியும் முதலிலிருந்து

விடுதலையானபோது வ.உ.சி.க்கு நாற்பது வயது. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்தார். பின்னர் கோயம்புத்தூரில் வங்கி மேலாளராக வேலை பார்த்தார். வருமானம் போதவில்லை. மறுபடி வக்கீலாக அனுமதி கேட்டார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி அனுமதி கிடைக்க உதவினார். அந்த நன்றியை மறக்காமல் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்!

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் சுயமுன்னேற்ற நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கியவர் வ.உ.சி.தான். அது 1909-இல் வெளிவந்தபோது அவர் சிறையில் இருந்தார். மனம் போலத்தான் வாழ்வு அமையும் என்று மொழிபெயர்த்தவருக்கே வாழ்வு அப்படி அமையவில்லை. கடைசி வரை பணக் கஷ்டம்தான். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியிலேயே காலமானார்.

அப்படியென்றால் அவர் தோற்றாரா? சம்பளச் சீட்டை வைத்துப் பார்த்தால் தோற்றார்தான். ஆனால் கப்பலும் சன்னதும் பறிபோன பிறகும் அவர் கற்ற தொழிலும் தமிழும் யாராலும் பறிக்க முடியாதவையாக அவரிடமே இருந்தன. அவற்றை வைத்துத்தான் திரும்பத் திரும்ப எழுந்தார். இன்று அந்தத் துறைமுகத்துக்கே அவர் பெயர்தான்.

முதல் வேலையில் இருக்கும் நண்பர்களே, சம்பளம் எவ்வளவு ஏறியது என்று வருடா வருடம் கணக்குப் பாருங்கள், தப்பில்லை. கூடவே இன்னொரு கணக்கும் எழுதி வையுங்கள். நாளைக்கே இந்த வேலை போனால் கையில் மிஞ்சுவது என்ன? அந்தப் பட்டியல் வருடா வருடம் நீண்டால், அதுதான் வளர்ச்சி!