வீட்டில் யாரும் இல்லை

சென்னைப் பட்டணத்தில் முதன்முதலாக டெலிபோன் எக்ஸ்சேஞ்சு திறக்கப்பட்டது 1881-ஆம் ஆண்டில். இடம், எர்ரபாலு செட்டித் தெரு. திறந்தவர்கள், ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி என்ற இங்கிலாந்துக் கம்பெனியார். சேர்ந்த சந்தாதாரர்கள் மொத்தம் 17 பேர். அமெரிக்காவில் கிரகாம் பெல் தமது யந்திரத்துக்குப் பேடண்ட் வாங்கியது 1876-இல்தான். ஐந்தே வருஷத்தில் அது நமது பட்டணத்துக்கு வந்துவிட்டது என்றால் பெருமைப்பட வேண்டிய விஷயந்தான். ஆனால் 17 பேரும் தங்களுக்குள்ளேயே பேசித் தீர வேண்டும், பதினெட்டாவது மனிதரிடம் ஒரு வார்த்தை பேச முடியாது என்பதை நினைத்தால் கொஞ்சம் பரிதாபமாகவும் இருக்கிறது.

எர்ரபாலு செட்டித் தெருவில் ஏன் வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. கூப்பிடு தூரத்தில் கடற்கரை. கடற்கரை ஓரமாக வர்த்தகக் கம்பெனிகள். வடக்கே ராயபுரத்தில் 1856-இலேயே ரயில் ஸ்டேஷன். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, விலை ஏறியது என்ற சேதிகளுக்குத்தான் அந்தக் காலத்தில் அவசரம் இருந்தது. அம்மாவுக்கு ஜுரம், பெண்ணுக்கு வளைகாப்பு என்பன போன்ற சேதிகள் தபாலில் வந்தால் போதும் என்பது உலகத்தின் அபிப்பிராயம்.

அந்த அபிப்பிராயம் வெகு காலம் மாறவில்லை. எண்ணூரில் மோட்டார்த் தொழிற்சாலை வந்தது, திருவொற்றியூரில் தீப்பெட்டியும் மோட்டார் சைக்கிளும் செய்தார்கள். தொழிற்சாலை மானேஜரின் மேஜைமீது டெலிபோன் இருந்தது. சங்கு ஊதியதும் கேட்டுக்கு வெளியே வந்து சைக்கிள் ஏறுகிறவர்களின் வீட்டில் இல்லை. 1943-இல் சர்க்கார் டெலிபோனைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. சுதந்திரம் வந்தபோது தேசம் முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 80,000 டெலிபோன்களே இருந்தன. அதற்கப்புறம் பெங்களூரில் சர்க்கார் தொழிற்சாலை ஏற்பட்டு, கன்னங்கரேலென்று கனமான கருவிகளைச் செய்து தள்ளியது. ஆனாலும் விண்ணப்பம் போட்டவர்களின் ஜாபிதா நீண்டுகொண்டேதான் போயிற்று. மகள் பிறந்தபோது மனுப் போட்டு, அவள் கல்யாணப் பத்திரிகையில் நம்பர் அச்சிட்டவர்கள் உண்டு என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். வருஷக் கணக்கில் காத்திருந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்ததில்லை.

இந்தக் காத்திருப்பில்தான் 'பி.பி.' என்ற இரண்டு எழுத்து பிறந்தது. இன்றைய இளைஞர்களுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டும். டிரங்க் கால் பதிவு செய்யும்போது, இன்னாரோடு மட்டும் பேச வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்பதற்கு 'பி.பி. கால்' என்று பெயர். அந்தப் பெயரை ஜனங்கள் எடுத்துத் தங்கள் சௌகரியத்துக்கு வைத்துக்கொண்டார்கள். விஸிட்டிங் கார்டில் நம்பரைப் போட்டுப் பக்கத்தில் பி.பி. என்று அச்சிட்டிருந்தால், 'இந்த டெலிபோன் என்னுடையதல்ல, பக்கத்து வீட்டுக்காரருடையது, நீங்கள் கூப்பிட்டால் அவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள்' என்று அர்த்தம்.

நான் ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் குடியிருந்த நாளில் சந்துக்கே ஒரு டெலிபோன்தான். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஏஜெண்டு ஒருவரிடம் வேலை பார்த்த குமாஸ்தாவின் வீட்டில் அது இருந்தது. ஆபீஸ் காரியத்துக்காக முதலாளி வாங்கிக் கொடுத்தது. பூவேலை செய்த துணியைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும். மணி அடித்தால் குமாஸ்தாவின் மனைவி எடுப்பார். சந்து முழுவதும் அவரை 'அண்ணி' என்றுதான் அழைப்பது. "அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்க, கூப்பிட்டு வைக்கிறேன்" என்பார். ஒரு பையன் ஓடுவான். கூப்பிடப்பட்டவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வருவார். மறுபடி மணி அடிக்கும் வரையில் நாலு பேர் அந்த டெலிபோனைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

ஆள் இல்லாவிட்டால் அண்ணியே சேதி வாங்கி வைப்பார். காகிதம் பென்சில் கிடையாது. எல்லாம் மனசிலேதான். ஒரு நாள் சாயங்காலம் வெளியூரிலிருந்து ஒரு சேதி வந்தது. எதிர் வீட்டுக்காரருடைய தகப்பனார் காலமாகிவிட்டார். மனிதர் பாக்டரியிலிருந்து திரும்பவில்லை. அவர் வந்து, செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, காப்பி சாப்பிட்டு முடிக்கும் வரையில் அண்ணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு போய்ச் சொன்னார்: "ஊர்ல இருந்து உங்க தம்பி பேசினாரு. அப்பாவுக்கு உடம்பு ரொம்ப முடியலையாம். உடனே புறப்பட்டு வரச் சொன்னாரு. ராத்திரி வண்டிக்கே போயிடுங்க அண்ணே." கைச் செலவுக்கு இருபது ரூபாயும் கொடுத்தார். வண்டி ஏறுகிறவனிடம் எவ்வளவு சொல்ல வேண்டும், எவ்வளவு சொல்லக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதைச் சொல்வதால் அந்தக் காலம் பொற்காலம் என்று நான் வாதாட வருவதாக எண்ண வேண்டாம். அண்ணிக்கு எல்லார் வீட்டுச் சங்கதியும் தெரியும். யார் கடனுக்கு அலைகிறார்கள், எந்த வீட்டுப் பெண்ணை யார் பார்த்துவிட்டு வேண்டாமென்று சொன்னார்கள் என்பதெல்லாம் அந்த ஜன்னலோரத்தில் சொல்லப்பட்டுத்தான் தீர வேண்டும். கல்யாணம் நிச்சயமான ஒரு பெண் வருங்காலக் கணவனோடு நாலு பேர் நடுவில் நின்று, "உம்... உம்... சரிங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு கதவு தேவையாயிருந்தது. சாத்திக்கொண்டு பேசுவதற்கு ஒரு கதவு.

அந்தக் கதவு, கம்பியில்லாத டெலிபோன் உருவத்தில், பர்மா பஜாருக்கு வந்து சேர்ந்தது.

பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து வியாபாரங்களையெல்லாம் சர்க்காரே எடுத்துக்கொண்டபோது, அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பல் ஏறித் திரும்பினார்கள். அவர்களுக்காக 1969-இல் கடற்கரைச் சாலையோரத்தில் ஏற்பட்டது அந்தக் கடைவரிசை. சிங்கப்பூர்ச் சாமான் என்றால் பட்டணமே அங்கேதான் போகும். டேப் ரிக்கார்டர், கடிகாரம், ஸென்ட் இவற்றின் வரிசையில் எண்பதுகளில் 'கார்ட்லெஸ்'ஸும் வந்து உட்கார்ந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்வீகர்ட் என்பவர் 1969-இல் இதற்கு ஒரு பேடண்ட் வாங்கியிருந்தார். பர்மா பஜாருக்கும் கார்ட்லெஸ் பேடண்டுக்கும் ஒரே வயது!

நம் ஊரில் ஒரு சங்கடம் இருந்தது. 1933-ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் கம்பியில்லாக் கருவி எதையும் வைத்திருப்பது குற்றம். கார்ட்லெஸ் என்பது பார்வைக்கு டெலிபோன். உள்ளுக்குள் இரண்டு சின்ன ரேடியோ நிலையங்கள். சுவரோரம் இருக்கும் பீடம் 46 மெகாஹெர்ட்ஸில் பேசும். கையில் இருப்பது 49 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். ஆகவே கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார். வாங்குகிறவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டுவது தனிச் சடங்கு. அமெரிக்கச் சாமானாயிருந்தால் 110 வோல்ட். அதை அப்படியே நம்முடைய 230 வோல்ட்டில் செருகினால் ஒரு சின்னப் புகையோடு கதை முடிந்துவிடும். நடுவில் டிரான்ஸ்பார்மர் ஒன்று வேண்டும். பீடத்தில் கைக்கருவியைப் படுக்க வைத்துப் பாட்டரிக்கு முதல் நாள் பூராவும் மின்சாரம் ஏற்ற வேண்டும். அதுவரையில் தொடக் கூடாது. தொடக் கூடாது என்பதைக் குழந்தைகளிடம் சொல்லி, மாமனாரிடம் சொல்லி, சொன்னவரே நாலு தடவை எடுத்துப் பார்ப்பார். ஏரியலை இழுத்துவிட வேண்டும். டெலிவிஷன் பக்கத்தில் வைத்தால் இரைச்சல். கடலோரத்து வீடுகளில் உப்புக்காற்றில் பித்தளைத் தகடுகள் பச்சை பிடித்துவிடும். மாதத்துக்கு ஒரு தரம் துடைக்க வேண்டும். இத்தனையும் செய்தபின், மொட்டை மாடியில் நின்று பேசலாம். பேச்சைவிட, பேசுவதைத் தெரு பார்ப்பதுதான் முக்கியம்.

ஆனால் அந்த வகையில் இருந்தவை பத்தே சானல்கள். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் அதே சானலில் வாங்கிவிட்டால் அவர் வீட்டுப் பேச்சு இங்கே கேட்கும். ரகசியக் குறி இல்லாத ஆரம்பக் கருவிகளில், பக்கத்து வீட்டுக்காரர் தம் கருவியை அமுக்கினால் உங்கள் டெலிபோனில் அவருக்கு டயல் சத்தம் வந்துவிடும். அவர் பம்பாய்க்குப் பேசுவார், பில் உங்களுக்கு வரும். அண்ணியின் காதுக்குத் தப்பி மாடிக்கு ஏறினவர்களின் ரகசியம் ஆகாசத்தில் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது! பின்னால் ஐரோப்பாவில் 'டெக்ட்' என்ற டிஜிட்டல் முறை வந்த பிறகே இந்தக் குறை தீர்ந்தது.

மின்சாரம் போனால் கார்ட்லெஸ் ஊமை. வட சென்னையில் மின்சாரம் போகாத கோடை உண்டா? எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்படும் வரையில் புகைபோக்கி நிறையப் புகைந்தது. சாம்பல் சுற்று வட்டாரத்து மாடிகளில் விழுந்தது. மின்சாரமோ ஊர் முழுவதற்கும் பொது. அந்த இருட்டில், மூலையில் தள்ளிவைத்த பழைய கறுப்பு டெலிபோன் மட்டும் கம்பீரமாக மணியடிக்கும். அதற்கு வேண்டிய 48 வோல்ட்டும் எக்ஸ்சேஞ்சிலுள்ள பாட்டரிகளிலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வந்துகொண்டிருந்தது. கம்பியைக் கேலி செய்தவர்கள் கம்பியிடமே திரும்பி வருவார்கள்.

கார்ட்லெஸ்ஸோடு சில சமயம் இணைந்து வந்ததுதான் பதில் சொல்லும் யந்திரம். இதன் பூர்வீகம் நாம் நினைப்பதைவிடப் பழையது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த வால்டெமார் போல்சன் என்ற டேனிஷ்காரர், ஆள் இல்லாதபோது வரும் சேதியைப் பிடித்து வைக்க வேண்டும் என்று எண்ணினார். 1898-இல் எஃகுக் கம்பியில் காந்த சக்தியால் குரலைப் பதியும் கருவிக்குப் பேடண்ட் வாங்கினார். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் அதில் பேசிய பேச்சு இன்றும் பத்திரமாக இருக்கிறது. நம் வீடுகளில் சினிமாப் பாட்டுக் கேட்ட டேப் ரிக்கார்டருக்கே இதுதான் பாட்டனார்.

பர்மா பஜாரில் வந்த யந்திரத்துக்குள் இரண்டு காஸெட். ஒன்றில் வீட்டுக்காரர் குரல். மற்றொன்றில் வருகிறவர்களின் சேதி. நாலு மணி அடித்ததும் யந்திரம் தானே எடுக்கும். எதைப் பதிவது என்பதில்தான் குடும்பங்களில் சண்டை. "வீட்டில் யாரும் இல்லை" என்று சொல்லலாமா? அது திருடனுக்கு அழைப்புப் பத்திரிகை அல்லவா? அதோடு, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு குரல் 'யாரும் இல்லை, யாரும் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருப்பது வீட்டுக்கு ஆகுமா என்று பாட்டிகள் கேட்டார்கள். கூப்பிட்டவர்களோ 'பீப்' சத்தம் கேட்டதும் மிரண்டு வைத்துவிடுவார்கள். வீடு திரும்பி காஸெட்டை ஓட்டினால், வரிசையாக மூச்சுச் சத்தமும் "என்னாடி இது, எவனோ பேசறான்" என்ற முணுமுணுப்புந்தான்.

நம் ஊரில் இந்த யந்திரம் வேரூன்றவில்லை. தாத்தா, பாட்டி, பள்ளிக்கூடம் போகாத குழந்தை, குடித்தனக்காரர், இவர்களில் ஒருவராவது எப்போதும் இருக்கும் வீட்டில் அதற்கு என்ன வேலை? ஆனால் அதிலிருந்த ஒரு தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. புதிதாகச் சேதி வந்திருந்தால் யந்திரம் இரண்டாவது மணியிலேயே எடுக்கும். இல்லையென்றால் நாலாவதுவரை காத்திருக்கும். வெளியூரிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிடுகிறார். மூன்றாவது மணியும் அடித்துவிட்டால் சேதியில்லை என்று தெரிந்துகொண்டு, காசு செலவாகுமுன் வைத்துவிடலாம். பிற்காலத்தில் நம் ஜனங்கள் 'மிஸ்டு கால்' என்று ஒரு சாஸ்திரமே வகுத்தார்களே, ஒரு மணி அடித்தால் வந்து சேர்ந்தேன், இரண்டு அடித்தால் நீ கூப்பிடு என்று, அதை இன்ஜினீயர் யந்திரத்துக்குள்ளேயே வைத்திருந்தார்.

டெக்ட் முறையை நம் ஊர்க்காரர்கள் வேறு விதமாகப் பார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் கிண்டியில் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய சகாக்களும், மைடாஸ் என்ற சென்னைக் கம்பெனியும் சேர்ந்து 'கார்டெக்ட்' என்ற ஒன்றைச் செய்தார்கள். வெளிநாட்டில் ஹாலிலிருந்து சமையலறைக்குப் பேச உதவிய வித்தையை, ஊரிலிருந்து ஊருக்கு, கிலோமீட்டர் கணக்கில் நீட்டினார்கள். தெருத் தெருவாகப் பள்ளம் தோண்டித் தாமிரக் கம்பி புதைப்பதில்தானே டெலிபோனின் செலவெல்லாம்? அந்தக் கடைசிக் கம்பியை எடுத்துவிட்டால் ஏழைக்கும் டெலிபோன் எட்டும் என்பது அவர்கள் கணக்கு. கணக்குச் சரிதான். ஆனால் 1995-இல் நாட்டுக்குள் வந்த செல்போன் அதைவிட வேகமாக மலிந்துகொண்டு வந்தது. 2004-இல் செல்போன்களின் எண்ணிக்கை கம்பி டெலிபோன்களை மிஞ்சியது. மஞ்சள் நிற எஸ்.டி.டி. பூத்துகள் ஒவ்வொன்றாக ஜெராக்ஸ் கடைகளாக மாறின. ஜன்னலோரத்து டெலிபோன்களும் சத்தமில்லாமல் திரும்பிப் போயின.

எல்லாமே போய்விடவில்லை. 2015 டிசம்பரில் பெருமழை கொட்டிப் பட்டணம் தண்ணீரில் நின்றபோது பல இடங்களில் மின்சாரம் இல்லை. செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன. கையிலிருந்த கருவிகளில் பாட்டரியும் தீர்ந்தது. சில தெருக்களில் சர்க்கார் கம்பெனியின் பழைய கம்பி டெலிபோன் மட்டும் வேலை செய்தது. அது இருந்த வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீரில் ஜனங்கள் நின்றார்கள். வெளியூர் நம்பர்களை ஞாபகத்திலிருந்து சொல்லத் தெரிந்தவர்கள் பேசினார்கள். தெரியாதவர்கள், யாராவது நம்மைத் தேடிக் கூப்பிட்டால் நலம் என்று சொல்லிவிடுங்கள் என்று பெயரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர்கள் அந்தப் பெயர்களைக் காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள்.