தேவ பராமரிப்பும் எங்கள் கொட்டாஞ்சேனையும்

நூற்றாண்டு மலர்க் குழுவினர் எங்கள் வகுப்பினரிடம் கட்டுரை கேட்டபோது தலைப்பையும் தாங்களே தந்துவிட்டார்கள்: தேவ பராமரிப்பு. ஞானோபதேச வகுப்பில் நாங்கள் கற்ற முதற் பெரிய சொற்களில் அதுவும் ஒன்று. இறைவன் தம்மை நம்பியோரை அன்போடு காத்து நடத்துகிறார் என்று அதற்கு விளக்கம் சொல்லித் தந்தார்கள். விளக்கத்தைவிட மனதில் நின்றது படம். உடைந்த பலகைப் பாலத்தைக் கடக்கும் இரண்டு சிறு பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் சிறகு விரித்த காவல் சம்மனசு. வெள்ளவத்தையிலிருந்து திருநீற்றோடு பஸ் ஏறி வந்த பிள்ளைகளுக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது. பாலம் ஏன் உடைந்திருந்தது என்று அந்நாளில் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அந்தச் சொல்லை முன்போல இலகுவாக எழுத முடியவில்லை. நாங்கள் இறையியல் படித்தவர்கள் அல்லர். ஆகையால் வாதத்தை விட்டு, நாங்கள் நடந்து பழகிய கொட்டாஞ்சேனை மண்ணில் இந்த நம்பிக்கை எப்படி வாழ்ந்தது, எங்கே காத்தது, எங்கே காயப்பட்டது என்ற சரித்திரத்தை எழுத முற்பட்டோம்.

கதை ஒல்லாந்தர் காலத்தில் தொடங்குகிறது. 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயர் கையிலிருந்து போயின. கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று 1658 செப்டெம்பரிலேயே ஒல்லாந்தர் கட்டளை பிறப்பித்தார்கள். கோயில்கள் பறிபோயின, குருமார் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இலங்கையில் கத்தோலிக்கருக்குக் குரு இல்லை என்றே சொல்லலாம். செபமாலையைக் கூரைக்குள் செருகி வைத்துப் பிள்ளைகளுக்கு மந்திரங்களை வாயால் சொல்லிக் கொடுத்த தாய்மாரின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. தேவ பராமரிப்பு என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவோர் அவர்கள்தான்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் தொடக்கமும் அந்த மறைவு வாழ்க்கைக்குள்தான் இருக்கிறது. நாமெல்லாரும் கேட்ட கதைதான், ஆனாலும் மெதுவாகத் திரும்பச் சொல்ல வேண்டிய கதை. அந்தோனியோ என்ற குருவானவர் வணிகர் வேடத்தில் கொழும்பில் வாழ்ந்து, வீடு வீடாக இரகசியமாகப் பூசை வைத்து வந்தார். ஒல்லாந்தர் தேடிவரவே முகத்துவாரப் பக்கமாக ஓடினார். அங்கே மீனவர் அவரை மறித்தார்கள். அவர்களுக்கும் ஓர் ஆபத்து இருந்தது. கடல் அவர்களுடைய குடியிருப்பை அரித்துக் கொண்டிருந்தது. கடலை நிறுத்தித் தந்தால் உம்மை நாங்கள் காப்போம் என்றார்கள். குருவானவர் கரையில் ஒரு சிலுவையை நட்டு மண்டியிட்டார். மூன்றாம் நாள் கடல் பின்வாங்கி மணல்திட்டு எழுந்தது. அதைக் கண்ட ஒல்லாந்தரே அவர் அங்கு தங்க இடம் கொடுத்தார்களாம். அங்கே களிமண்ணால் கட்டிய சிற்றாலயமே இன்றைய திருத்தலத்தின் முதல் வடிவம் என்பது மரபு.

மணல்திட்டுகள் பருவக்காற்றோடு வந்து போகும் என்று புவியியல் படித்த தோழிகள் சொல்வார்கள். சொல்லட்டும். எங்களுக்கு இந்தக் கதையில் சுவையானது மணல் அல்ல, பேரம். மீனவர் கேட்டது தங்கள் குடிசைகளுக்குக் காவல். கொடுத்தது ஓடிவந்த மனிதனுக்குக் காவல். அரசாங்கக் கட்டளைப்படி அந்த அடைக்கலத்துக்கு அவர்கள் உயிரை விலையாகக் கொடுக்க நேர்ந்திருக்கும். அந்தோனியாரிடம் போகிறவர்கள் இன்றும் ஏறக்குறைய அப்படித்தான் பேசுகிறார்கள். இதைச் செய்து தாரும், நான் இதைச் செய்கிறேன் என்று. பேரம் பேசக்கூடாது என்று மறைக்கல்வி ஆசிரியைகள் எத்தனை முறை திருத்தினாலும் பரீட்சைக்கு முந்திய செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் மெழுகுதிரியோடு போய் நின்றது இதற்காகத்தானே!

அதே மறைவுக் காலத்தில் வந்தவர் யோசவ் வாஸ் அடிகளார். 1651 ஏப்ரல் 21இல் கோவாவின் பெனாவுலிமில் பிறந்தவர். 1687இல் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். பயணக் களைப்பாலும் வயிற்றுளைவாலும் சாகும் நிலைக்குப் போனவரை, ஊரார் ஊட்டிய கஞ்சியே எழுப்பியது என்று அவர் சரித்திரம் கூறுகிறது. பின்பு கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு முகம் மாறுவோரில் தம் மக்களை அடையாளம் கண்டார். 1692இல் கண்டிக்குப் போனபோது ஒற்றர் என்று சொல்லிச் சிறையில் அடைத்தார்கள். சில ஆண்டுகளின்பின் கடும் வறட்சியில் அவர் செபிக்க மழை பெய்தது என்பதும், அதன்பின் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் போதிக்க அனுமதித்தான் என்பதும் எல்லோரும் சொல்லும் அற்புதம். ஒல்லாந்தரின் கொழும்புக்கும் அவர் இரகசியமாக வந்து கத்தோலிக்கரைச் சந்தித்துப் போயிருக்கிறார்.

மழையைவிட எங்களைத் தொடுவது 1697. அந்த ஆண்டு கண்டியில் வைசூரி பரவியது. பெற்றோர் பிள்ளைகளையும் பிள்ளைகள் பெற்றோரையும் விட்டு ஓடினார்கள், நோயாளர் கைவிடப்பட்டார்கள். வாஸ் அடிகளாரும் துணைக் குருவானவர் கர்வால்யோவும் அவர்களிடையே தங்கினார்கள். குடில் போட்டு, உணவூட்டி, புண்ணைத் துடைத்து, இறந்தோரை அடக்கம் செய்தார்கள். மதம் கேட்கவில்லை.

எங்களில் வைத்தியத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு இதன் பொருள் சற்றுக் கூடுதலாக விளங்கும். வைசூரிக்கு அக்காலத்தில் மருந்தே இல்லை. ஜென்னர் முதன்முதல் அம்மைப்பால் குத்தியது 1796இல். அது இலங்கைக்கு வந்தது 1802இல். கொடிய வகை வைசூரி கண்டவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் இறப்பார். பிழைக்கக் கூடியவர்களும் வாயிலும் தொண்டையிலும் புண் நிறைந்து விழுங்க முடியாமல், தண்ணீர் கொடுக்க ஆளின்றிச் சாவதுண்டு. ஆகவே ஒரு சிரட்டைத் தண்ணீரும் கொஞ்சம் கஞ்சியும் ஒருவரைச் சுத்தமாகக் கிடத்துவதும் உண்மையான சிகிச்சை. பத்து ஆண்டுகளுக்கு முன் தம்மை எழுப்பிய கஞ்சியை அவர் கண்டியில் திருப்பிக் கொடுத்தார் என்றுகூடச் சொல்லலாம். வைசூரி உலகிலிருந்து ஒழிந்தது என்று 1980இல் அறிவித்தார்கள். எங்கள் தாய்மாரின் புயத்தில் அம்மைப்பால் தழும்பு உண்டு, எங்களுக்கு இல்லை. அற்புதம் எது என்று கேட்டால் மழையோடு இந்தத் தழும்பில்லாத கைகளையும் நாங்கள் சேர்த்துச் சொல்வோம்.

வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16இல் கண்டியில் காலமானார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதிக் குவித்தார். குரு வர முடியாத ஊரில் மூப்பர் ஏட்டைப் பிரித்து வாசிக்க, சனங்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். அவருடைய வியாகுலப் பிரசங்கத்தைத் தபசுகாலத்தில் வாசிக்கக் கேட்ட பாட்டிமார் எங்கள் குடும்பங்களில் இருந்தார்கள்.

பிரித்தானியர் 1796இல் கொழும்பைப் பிடித்து, 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார்கள். கொச்சிக்கடையில் பெரிய கோயில் எழுந்து 1834இல் அபிஷேகமாயிற்று. பின்னர் புனித லூசியா பேராலயத்தின் கோபுரம் கொட்டாஞ்சேனைக்கு அடையாளமாயிற்று. ஒளிந்திருந்தவர்கள் இப்போது ஊருக்கு நடுவே நின்றார்கள்.

நின்றவர்கள் எப்படி நடந்தார்கள்? மலர்களில் யாரும் எழுதாத பகுதி இது. 1883 மார்ச் 25, அதுவும் உயிர்த்த ஞாயிறு. பாணந்துறை வாதத்தால் புகழ்பெற்ற மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் கொட்டாஞ்சேனை விகாரைக்குப் பூசைப் பொருள்களோடு வந்த பௌத்த ஊர்வலத்தை, பேராலயத்துக்கு அருகே கத்தோலிக்கக் கூட்டமொன்று தாக்கியது. குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை. நீதி கேட்டு ஒல்கொட் 1884இல் லண்டன் வரை போனார். வெசாக் பௌர்ணமி 1885இல் விடுமுறை நாளானதற்கும் இந்தக் கலவரமே தூண்டுதல். அதே ஆண்டு ஏப்ரல் 28இல் பௌத்த கொடி முதன்முதலாக ஏற்றப்பட்ட இடங்களில் அந்த விகாரையும் ஒன்று. இறைவன் எம்மைக் காக்கிறார் என்ற நம்பிக்கை, நாமே காவலரண் கட்டி அடுத்தவன்மீது கல்லெறியலாம் என்ற துணிவாகத் திரிந்த நாள் அது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அடைக்கலத்தால் உயிர் பிழைத்த சனங்கள் அதை இவ்வளவு விரைவில் மறந்தது எப்படி என்பது எங்களுக்கு இன்றும் விளங்காத கணக்கு.

நூறு ஆண்டுகள் கழித்து முறை மாறியது. 1983 ஜூலை 25இல் வெள்ளவத்தை காலி வீதி எரிந்தபோது தமிழர் எங்கெல்லாம் ஓடினார்கள் என்பதை இந்த மலரைக் கையில் வைத்திருப்போரில் பலர் எங்களைவிட நன்கறிவீர்கள். நாங்கள் அப்போது கைக்குழந்தைகள் அல்லது பிறவாதவர்கள். கோவில்களும் பாடசாலைகளும் மடங்களும் அகதி முகாம்களாயின. சிங்கள அயலவர் பலர் தங்கள் அறைகளில் மறைத்து வைத்தார்கள். அந்த வீடுகளைப் பார்க்கையில் முகத்துவார மீனவர் நினைவு வருகிறது. ‘லங்கா கல்யாணி’ கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்களின் பிள்ளைகள் பிறகு எங்கள் வகுப்பில் இருந்தார்கள். குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க அவ்வேளை சிகிச்சைக்காக இங்கிலாந்தில் இருந்தார். இருதய நோயோடு திரும்பி வந்து, சிங்கள மக்கள் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஒக்டோபர் 23ஆம் திகதியே அவர் காலமானார்.

எங்கள் பள்ளிக் காலம் குண்டுவெடிப்பும் சோதனைச் சாவடியும் பொலிஸ் பதிவுமாகப் போனது. அதற்குள்ளே 1995 ஜனவரி 21இல் காலிமுகத்திடலில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். பின்பு 2007 ஜூன் 7இல் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளிலிருந்தும் தமிழரைப் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தடுத்தது. காவல் சிலவேளை மனுவாக எழுதப்பட்டு நீதிமன்றத்துக்கும் போக வேண்டியிருக்கிறது.

2015 ஜனவரி 14இல் அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் வாஸ் அடிகளாரைப் புனிதராக்கினார். நான்கு ஆண்டுகள் கழித்து 2019 உயிர்த்த ஞாயிறு வந்தது. ஏப்ரல் 21, வாஸ் அடிகளாரின் பிறந்த நாள். காலை பூசை வேளையில் கொச்சிக்கடையில் குண்டு வெடித்தது. கட்டுவாப்பிட்டியில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், கொழும்பின் ஹோட்டல்களில் என்று 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். எங்களில் சிலர் அன்று வைத்தியசாலைகளில் கடமையில் இருந்தோம். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

அதன்பின் கேட்கப்பட்ட கேள்வியை மட்டும் எழுத வேண்டும். தம்மிடம் வந்து மண்டியிட்டிருந்தவர்களை ஏன் காக்கவில்லை? சிலர் தாமதமாகப் போனதால் தப்பினார்கள். தெய்வச் செயல் என்றார்கள். அப்படியானால் நேரத்துக்குப் போனவர்கள்? இந்தக் கணக்கைப் போடுவதற்கு எங்களுக்குத் துணிவில்லை, போடுவதும் சரியென்று தோன்றவில்லை. தொண்ணூற்றோராம் சங்கீதம் ஆபத்தில் காவலைப் பாடுவது. அதன் வாக்கை எடுத்து, மேலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று பாலைவனச் சோதனையில் இயேசுவிடம் சொன்னது பசாசு, இயேசு குதிக்கவில்லை. அவரும் பிறகு சிலுவையிலிருந்து இறக்கப்படவில்லை. இதை நாங்கள் சிறுவயதிலேயே படித்திருந்தோம். படித்தது 2019க்குப் பிறகுதான் புரியத் தொடங்கியது.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. பழிவாங்க வேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை மன்றாடினார். மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதும் உண்மை. ஆனால் அதிகம் இழந்த கொட்டாஞ்சேனை பெருங்கலவரத்துக்குள் போகவில்லை. 1883ஐ அறிந்தவர்களுக்கு அது சிறிய விடயமல்ல. கடற்படையினர் திருத்திக் கொடுத்த கோயில் ஜூன் 12இல் திறக்கப்பட்டது. மறுநாள் அந்தோனியார் திருநாள். முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் காக்கத் தவறினார்கள் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி உட்பட அதிகாரிகளை நட்டஈடு செலுத்தப் பணித்தது. காப்பது மனிதர் கடமையாக இருக்கும் இடத்தில் பாரத்தைக் கடவுள் தலையில் வைக்க முடியாது என்பதை நீதிபதிகள் சட்ட மொழியில் சொன்னதாகவே நாங்கள் வாசித்தோம். 2025இல் இறந்த கத்தோலிக்கரில் 167 பேரின் பெயர்கள் வத்திக்கானின் விசுவாசச் சாட்சிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதே ஏப்ரல் 21இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலமானார்.

இப்போதும் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக்குப் போனால் வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். உள்ளே சிங்களம், தமிழ், ஆங்கிலம் எல்லாம் கேட்கும். திருநீற்றோடும் வருவார்கள், வெண்ணிற உடுப்போடும் வருவார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து விடுமுறைக்கு வரும் எங்கள் தோழிகள், கட்டுநாயக்காவிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் வழியில் வானை நிறுத்தி, பயணப் பைகளைச் சாரதியிடம் விட்டு, ஐந்து நிமிடம் என்று சொல்லி உள்ளே போகிறார்கள். ஐந்து நிமிடத்தில் ஒருவரும் திரும்பி வந்ததில்லை.