மடல்களை மடக்கும் வேகம்

குளத்தில் இறங்கும் கொக்கு சிறகை அகல விரித்து வளைப்பதைக் கவனித்திருப்பீர்கள். குறைந்த வேகத்தில் உடலைத் தாங்க அது தேவை. விமானமும் அவ்வாறே இறக்கையின் முன்விளிம்பு, பின்விளிம்பு மடல்களை இறக்கிக்கொண்டு புறப்படுகிறது. போதிய வேகம் பெற்ற பின்னரே அவற்றை மடக்க வேண்டும். தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவதால், எடை 21 விழுக்காடு மிகுந்தால் இவ்வேகமும் 10 விழுக்காடு மிகவேண்டும்.

1972 ஜூன் 18-இல் லண்டனிலிருந்து கிளம்பிய டிரைடன்ட் விமானத்தில், மணிக்குச் சுமார் 415 கி.மீ. வேகத்தில் மடக்கவேண்டிய முன்விளிம்பு மடல்கள் 300 கி.மீ. வேகத்திலேயே மடக்கப்பட்டன. கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தது. பின்னர் தானே முன்னால் சாய்ந்து விமானத்தின் மூக்கைத் தாழ்த்தியது. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஏற்பாடு விமானி அறையிலிருந்தே நிறுத்தப்பட்டது. 118 பேரும் மாண்டனர். ஏன் நிறுத்தினர்? விமானிகளின் பேச்சைப் பதிவு செய்யும் கருவி அதில் இல்லை. பின்னர் பிரிட்டன் அதைக் கட்டாயமாக்கியது.

2025 ஜூன் 12-இல் அகமதாபாதில் ஏர் இந்தியா விமானம் விழுந்தபோது, பலர் மடல்களையே குறைகூறினர். ஜூலையில் வெளிவந்த முதற்கட்ட அறிக்கையோ, மடல் நெம்புகோல் புறப்பாட்டுக்குரிய 5 பாகை நிலையில் இருந்ததையும், எஞ்சின்களின் எரிபொருள் நின்றதையும் காட்டியது. ஊகத்தைத் திருத்தியவை சிதைவுகளும் பதிவுகளுமே.