இதயத்தில் படியும் இரும்பு: ஒரு எம்ஆர்ஐ வரலாறு

தலசீமியா பிள்ளைகளுக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்துறோம்ல? ஒவ்வொரு யூனிட்லயும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பும் சேர்ந்தே உள்ள போகுது. அதை வெளியேத்த உடம்புக்குன்னு தனி வழி கிடையாதுங்க.

பிரிட்டன் நிலவரம் கேளுங்க. இரும்பை இறக்குற டெஸ்ஃபெராக்ஸமின் மருந்து கையில இருந்தும், 2000 வாக்கில் அங்க பாதி நோயாளிகள் 35 வயசைத் தாண்டல. பெரும்பாலும் இதயச் செயலிழப்பு.

ஏன் முன்னாடியே கண்டுபிடிக்கல? ரத்தத்துல ஃபெரிட்டின் பார்த்தாங்க, கல்லீரல்ல ஊசி போட்டு சதை எடுத்துப் பார்த்தாங்க. இதயத்தை யாரும் நேரா பார்க்கல. எக்கோவில் பம்பிங் குறையுறப்போ காலம் கடந்திருக்கும்.

2001. லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனை. லிசா ஆண்டர்சன், டட்லி பென்னல் குழு எம்ஆர்ஐல ஒரு எளிய விஷயத்தைப் பிடிச்சாங்க. இரும்பு பக்கத்துல இருந்தா காந்தப்புலம் கலையும், சிக்னல் சீக்கிரம் மங்கும். எத்தனை மில்லிசெகண்ட்ல மங்குதுங்கிற அளவுதான் டி2 ஸ்டார். 20க்கு மேல இருந்தா நல்லது. 10க்குக் கீழ போனா ஆபத்து.

அதிர்ச்சி என்னன்னா, கல்லீரல் இரும்புக்கும் இதய இரும்புக்கும் சம்பந்தமே இல்ல! கல்லீரல் சுத்தமா இருந்தவங்க சிலருக்கு இதயம் நிறைய இரும்பு.

அதுக்கப்புறம் சில வருஷத்துலயே பிரிட்டனில் தலசீமியா மரண விகிதம் சுமார் 70% குறைஞ்சது. டெஃபெரிப்ரோன் மாத்திரைக்கும் அதுல பங்குண்டு, ஸ்கேனுக்கு மட்டும் மாலை போட முடியாது.

உங்க வீட்டுப் பிள்ளைக்கு பத்து வயசு ஆகுதா? ஃபெரிட்டின் நல்லா இருந்தாலும், இதய டி2 ஸ்டார் எப்போ எடுக்கணும்னு டாக்டர்கிட்ட கேளுங்க. இதுக்கு சாய ஊசிகூட தேவையில்லை.